ஒரே படகு, ஒரே வெள்ளி, நான்கு பாதைகள்: பெய்ஜிங் 2008-க்குப் பிறகு ஒரு நிகழ்வு ஆய்வு

பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நால்வர் துடுப்புப் படகு இறுதிப் போட்டி 2008 ஆகஸ்ட் 17 அன்று, நகரின் புறநகர்ப் பகுதியான ஷுன்யியில் நடந்தது. பிரிட்டன் படகில் அனபெல் வெர்னான், டெபி ஃப்ளட், ஃபிரான்சஸ் ஹௌட்டன், கேத்தரின் கிரெயிஞ்சர் ஆகிய நால்வர் இருந்தார்கள். 2000 மீட்டர் பந்தயத்தில் பெரும்பகுதி தூரம் அவர்கள்தான் முன்னால். கடைசிக் கட்டத்தில் சீனப் படகு வேகமெடுத்துத் தாண்டிப் போனது. சீனா 6 நிமிடம் 16.06 நொடி, பிரிட்டன் 6 நிமிடம் 17.37 நொடி. வித்தியாசம் 1.31 நொடி. வெள்ளிப் பதக்க மேடையில் பிரிட்டன் வீராங்கனைகள் அழுதார்கள். அது சந்தோஷக் கண்ணீர் இல்லை என்பது பார்த்த எவருக்கும் புரிந்தது.

இந்த நால்வரில் கிரெயிஞ்சரின் கதையைத்தான் உலகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நான்கு வருடம் கழித்து லண்டனில் அவர் தங்கம் வாங்கினார், எனவே கதை 'விடாமுயற்சி வென்றது' என்று முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. மற்ற மூவரும் விடாமல்தான் முயன்றார்கள். அவர்களும் அதே அதிகாலைகளில் எழுந்து, அதே குளிரில் துடுப்புப் போட்டவர்கள். அவர்களுக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவில்லை. ஆகவே ஏமாற்றத்திலிருந்து மீள்வது எப்படி என்ற கேள்விக்கு 'விடாதே' என்ற ஒற்றைச் சொல் போதாது. பெய்ஜிங்குக்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அந்த 1.31 நொடி ஏன் அவ்வளவு வலித்தது

முதலில் பின்னணி. பிரிட்டனின் பெண்கள் நால்வர் படகு 2005-ல் ஜப்பானின் கிஃபுவில் உலக சாம்பியன் ஆனது. 2006-ல் ஈட்டன் டார்னியில், சொந்த நாட்டில், ரஷ்யாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது. பிறகு ரஷ்யப் படகில் ஊக்கமருந்து சிக்கியதால் அந்தத் தங்கம் பிரிட்டனுக்கு மாறியது. 2007-ல் மியூனிக்கில் மறுபடி உலக சாம்பியன். மூன்று வருடம் தொடர்ந்து உலகப் பட்டம் வைத்திருந்த படகு அது. அதுவரை பிரிட்டனின் எந்தப் பெண்ணும் துடுப்புப் படகில் ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை. முதல் தங்கம் இந்தப் படகில்தான் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், படகில் இருந்தவர்களும் சேர்த்து.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சீனாவுக்கு அதுதான் துடுப்புப் படகில் முதல் ஒலிம்பிக் தங்கம். சொந்த மண், சொந்தக் கூட்டம். நல்ல படகு ஒன்று இன்னும் நல்ல படகிடம் தோற்றது என்பதுதான் உண்மை. பிரிட்டன் பெண்கள் பெரிய தவறு எதுவும் செய்யவில்லை. துடுப்பு தண்ணீரில் சிக்கவில்லை, இருக்கை உடையவில்லை, யாரும் நோயில் விழவில்லை. இது கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும். அனுபவிப்பவருக்கு இதுதான் கடினம். தவறு என்று ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம், அடுத்த முறை திருத்தலாம். 'எல்லாம் சரியாகச் செய்தோம், ஆனாலும் போதவில்லை' என்பதைப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிகூட இல்லை.

இந்த விளையாட்டின் அமைப்பே வலியைக் கூட்டுகிறது. துடுப்பு போடுபவர் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். இறுதிக்கோடு அவர் கண்ணில் படாது. முன்னால் போகும் படகில் இருப்பவர்களுக்குத் துரத்தி வருபவர்கள் நன்றாகத் தெரிவார்கள். பின்தங்கிய படகுக்காரர்களுக்கு முன்னால் இருப்பவர் தெரிய மாட்டார். ஷுன்யியில் சீனப் படகு ஒவ்வொரு வீச்சுக்கும் நெருங்கி வருவது பிரிட்டன் பெண்களின் பார்வைக்குள்ளேயே நடந்தது. பக்கவாட்டில் வந்து, பிறகு பார்வையை விட்டே நழுவி முன்னால் போனது. ஓட்டப்பந்தயத்தில் பின்னாலிருந்து ஒருவர் திடீரென்று தாண்டிப் போனால் அது அதிர்ச்சி. இங்கே தோல்வி கண்ணுக்கு எதிரே அங்குலம் அங்குலமாக வந்தது.

அப்புறம் இன்னொன்று. நான்கு பேர், எட்டுத் துடுப்பு, ஒரு படகு. அந்த 1.31 நொடி யாருடைய துடுப்பில் போயிற்று என்பதற்கு விடையே கிடையாது. விடை இல்லாத கேள்வி ராத்திரி தூங்க விடாது. நான்தானோ என்று ஒவ்வொருவரும் தனியாக யோசிக்கலாம். அவள்தானோ என்று யோசித்துவிட்டு வெட்கப்படவும் செய்யலாம். இதே விளையாட்டில் அந்தக் கேள்விக்கு அவசரமாக விடை தேடியதன் விளைவை 2004 ஏதென்ஸில் பார்த்தோம். ஆஸ்திரேலியப் பெண்கள் எட்டுப் பேர் படகில் ஒருவர் இறுதிப் போட்டியின் கடைசிப் பகுதியில் துடுப்பு போடுவதை நிறுத்திச் சாய்ந்துவிட்டார். படகுத் தோழிகள் சிலர் பகிரங்கமாகவே அவரைக் குறை சொன்னார்கள். அந்த நாட்டில் அது பெரும் பேச்சாக இருந்தது. பெய்ஜிங் படகில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நால்வரும் ஒருவரை ஒருவர் ஊடகத்தின் முன் விட்டுக்கொடுக்கவில்லை. மீட்சியின் முதல் படி அதுதான் என்று நான் நினைக்கிறேன், அதற்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை என்றாலும்.

ஒரே ஆள், மூன்று வெள்ளி

கிரெயிஞ்சருக்கு அது மூன்றாவது ஒலிம்பிக் வெள்ளி. மூன்றும் ஒரே உலோகம், ஆனால் ஒரே அனுபவம் இல்லை.

2000 சிட்னியில் அவர் நால்வர் படகில் இருந்தார். ஜெர்மனி தங்கம் வென்றது. இரண்டாவது யார், பிரிட்டனா ரஷ்யாவா என்று இறுதிக்கோட்டுப் புகைப்படம் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நூலிழையில் வெள்ளி பிரிட்டனுக்கு. ஒலிம்பிக் துடுப்புப் படகில் பிரிட்டன் பெண்களுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. கொண்டாட்டம்தான். 2004 ஏதென்ஸில் கேத் பிஷப்புடன் இருவர் படகு, ஆளுக்கு ஒரே துடுப்பு. முந்தைய வருடம் மிலானில் உலக சாம்பியன் ஆகியிருந்த ஜோடி அது. ருமேனியாவின் டாமியனும் சுசானுவும் அவர்களை முந்தினார்கள். மறுபடி வெள்ளி, இம்முறை கொஞ்சம் கசப்போடு. பெய்ஜிங்கில் மேடையிலேயே கண்ணீர்.

வெள்ளி வாங்கியவர்கள் வெண்கலம் வாங்கியவர்களைவிடச் சோகமாக இருப்பார்கள் என்பதை 1995-ல் மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூன்று உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் காணொளிகளை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டி, வீரர்களின் முகத்தை மதிப்பிடச் சொன்னார்கள். வெண்கலக்காரர்கள் அதிக மகிழ்ச்சியோடு தெரிந்தார்கள். வெள்ளி வாங்கியவர் 'தங்கம் போச்சே' என்று மேலே பார்க்கிறார், வெண்கலம் வாங்கியவர் 'நல்லவேளை, வெறுங்கையோடு போகவில்லை' என்று கீழே பார்க்கிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம். இது எங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு. ஆனால் கிரெயிஞ்சரின் மூன்று வெள்ளிக்கு இது மட்டும் போதாது. சிட்னி வெள்ளி அவரை அழவைக்கவில்லையே. 2005-ல் மெக்ரா, மெல்லர்ஸ், டெட்லாக் ஆகியோர் எழுதிய கட்டுரை இன்னொரு பக்கத்தை அழுத்திச் சொன்னது: பதக்கத்தின் நிறத்தைவிட, வீரர் எதை எதிர்பார்த்து வந்தார் என்பது முக்கியம். சிட்னியிலிருந்து பெய்ஜிங் வரை கிரெயிஞ்சரின் வேகத்தோடு எதிர்பார்ப்பும் வளர்ந்துகொண்டே வந்தது.

இதற்குப் பெய்ஜிங்கிலேயே ஒரு துணைச் சான்று உண்டு. நால்வர் போட்டிக்கு முந்தைய நாள் பெண்கள் இரட்டையர் (இருவர், ஆளுக்கு இரண்டு துடுப்பு) இறுதிப் போட்டி நடந்தது. நியூசிலாந்தின் எவர்ஸ்-ஸ்விண்டெல் சகோதரிகள் நூறில் ஒரு நொடி வித்தியாசத்தில் ஜெர்மனியை வென்றார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் பிரிட்டனின் எலீஸ் லாவெரிக், அன்னா பெபிங்டன். அவர்களுக்கும் தங்கத்துக்கும் இடையே வெறும் 0.23 நொடி. நால்வர் படகு தங்கத்தைத் தவறவிட்டது 1.31 நொடியில். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் அதிகம் அழுதிருக்க வேண்டியது இரட்டையர் ஜோடி. அப்படி நடக்கவில்லை. ஏமாற்றத்தின் அளவை நொடியில் அளக்க முடியாது. இந்த அன்னா பெபிங்டனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் பிறகு அவர் அன்னா வாட்கின்ஸ்.

கேள்வியை மாற்றிய வருடம்

சரி, பெய்ஜிங்குக்குப் பிறகு கிரெயிஞ்சர் என்ன செய்தார்? வெளியில் தெரிந்த உண்மைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் விளையாட்டை விடவில்லை, ஆனால் அதே படகுக்கும் திரும்பவில்லை. 2009-ல் ஒற்றையர் படகில் இறங்கினார். போலந்தின் போஸ்னானில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பெலாரஸின் எகதெரீனா கார்ஸ்டனுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். அதாவது மறுபடி வெள்ளி! பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது அதே சோகத்தின் தொடர்ச்சியாகத் தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்த முழுக் கதையிலும் மிக முக்கியமான வருடம் 2009 என்று நினைக்கிறேன், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

நால்வர் படகில் தோற்றவருக்கு மனதில் ஓடும் கேள்வி 'நாம் ஏன் தோற்றோம்' என்பது. அதற்கு விடை இல்லை என்று முன்பே பார்த்தோம். ஒற்றையர் படகில் உட்கார்ந்ததும் கேள்வி 'நான் எவ்வளவு வேகம்' என்று மாறிவிடுகிறது. இதற்கு விடை உண்டு, தினமும் உண்டு. தண்ணீரில் இருப்பது இரண்டு துடுப்பும் ஒரு உடம்பும். மெதுவாகப் போனாலும் காரணம் தானே, வேகமாகப் போனாலும் காரணம் தானே. பழியைப் பங்குபோட வழியில்லை, புகழையும் பங்குபோட வேண்டாம். பத்து வருடத்துக்கு மேல் குழுப் படகுகளில் உட்கார்ந்தவர், உலகின் இரண்டாவது வேகமான ஒற்றையர் வீராங்கனை என்று அந்த ஒரு வருடத்தில் தெரிந்துகொண்டார். பெய்ஜிங்கில் படகைத் தாழ்த்தியது தன் துடுப்பாக இருக்குமோ என்ற சந்தேகம் மனதின் ஒரு மூலையில் இருந்திருந்தால், அதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எங்கும் கிடைத்திருக்காது.

அவர் இதைத் திட்டமிட்டே செய்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஒலிம்பிக் முடிந்த வருடத்தில் வீரர்கள் படகு மாறுவது சகஜம். பிரிட்டனில் அணித் தேர்வே ஒற்றையர், இருவர் படகுகளில்தான் நடக்கும். ஆனாலும் விளைவு விளைவுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. கிரெயிஞ்சர் எடின்பரோவில் சட்டம் படித்தவர். துடுப்பையும் அங்கேதான், 1993-ல், முதன்முதலாகப் பிடித்தார். பெய்ஜிங் காலத்திலும் பிறகும் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கொலை வழக்குகளில் தண்டனை விதிப்பது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். பட்டத்தை முடித்தது லண்டன் ஒலிம்பிக்குக்குப் பிறகு. படகு தோற்ற மறுநாளும் அவருக்குப் படிக்க ஒரு தீர்ப்பு இருந்தது, எழுத ஒரு அத்தியாயம் இருந்தது. உலகத்தில் பெரும்பாலானோருக்கு நால்வர் படகின் 1.31 நொடி ஒரு பொருட்டே இல்லை என்பதை நினைவூட்டும் இடம் அது. முழுநேரமும் படகே உலகம் என்று இருப்பவருக்குத் தோல்வியிலிருந்து எழுந்து போக வேறு அறையே இருக்காது. விளையாட்டில் முன்னேறத் தொடங்கியதும் படிப்பை நிறுத்து, வேலையை விடு என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2010-ல் அவர் அன்னா வாட்கின்ஸுடன் இரட்டையர் படகில் சேர்ந்தார். இருவரும் பெய்ஜிங்கிலிருந்து பதக்கத்தோடு வந்தவர்கள், ஆனால் வேறு வேறு படகிலிருந்து. நால்வர் படகின் நினைவு வாட்கின்ஸின் தோளில் இல்லை. அவர் முன் கிரெயிஞ்சர் பழைய தோல்வியின் சாட்சியாக உட்கார வேண்டியதும் இல்லை. அந்த வருடம் நியூசிலாந்தின் கராபிரோவிலும், 2011-ல் ஸ்லோவேனியாவின் பிளெட்டிலும் உலக சாம்பியன் ஆனார்கள். லண்டன் வரை சர்வதேசப் பந்தயங்களில் இந்த ஜோடி தோல்வியே காணவில்லை. 2012-ல், லண்டன் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் நடந்த ஈட்டன் டார்னியில், முதல் சுற்றிலேயே 6 நிமிடம் 44.33 நொடியில் ஒலிம்பிக் சாதனை. ஆகஸ்ட் 3 அன்று இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவைத் தெளிவான இடைவெளியில் வென்றார்கள். 36 வயதில் கிரெயிஞ்சருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம்.

மற்ற மூவர்

இங்கேதான் வழக்கமான கதை நின்றுவிடும். படகில் இருந்த மற்ற மூவரையும் பார்ப்போம்.

வெர்னான், ஃப்ளட், ஹௌட்டன் மூவரும் விளையாட்டைத் தொடர்ந்தார்கள். 2010-ல் அதே கராபிரோவில் பெத் ராட்ஃபோர்டைச் சேர்த்துக்கொண்டு நால்வர் படகில் உலக சாம்பியன் ஆனார்கள். பெய்ஜிங் காயத்துக்கு அதே படகில், அதே போட்டியில் மருந்து தேடினார்கள் என்று சொல்லலாம், அந்த வருடம் மருந்து கிடைக்கவும் செய்தது. ஆனால் ஒலிம்பிக் வந்தபோது? லண்டனில் நால்வர் படகு ஆறாவது. ஃப்ளட்டும் ஹௌட்டனும் அதில் இருந்தார்கள். வெர்னான் எட்டுப் பேர் படகுக்கு மாறியிருந்தார், அது ஐந்தாவது.

சொந்த நாட்டில், கிரெயிஞ்சர் தங்கம் வாங்கிய அதே தண்ணீரில், அதே வாரத்தில். இதை எழுதும்போதே எனக்கு மனம் கனக்கிறது. பெய்ஜிங் வெள்ளிக்காக அழுதவர்களுக்கு நான்கு வருடம் கழித்து அந்த வெள்ளி எட்டாத உயரமாக ஆகிவிட்டது. அவர்கள் குறைவாக உழைத்தார்கள் என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. படகு அமைப்பு, அந்த வருடத்தின் போட்டி நாடுகள், உடம்பு, தேர்வுக்குழுவின் முடிவு என்று எத்தனையோ சேர்ந்து ஒரு முடிவு வருகிறது. ஆகவே கிரெயிஞ்சரின் மீட்சியைத் தங்கத்தை வைத்து அளந்தால், மற்ற மூவரும் மீளவே இல்லை என்றாகிவிடும். அது பொய்.

ஹௌட்டனைப் பாருங்கள். லண்டன் ஆறாம் இடத்துக்குப் பிறகும் அவர் போகவில்லை. 2016 ரியோவில், தன் ஐந்தாவது ஒலிம்பிக்கில், எட்டுப் பேர் படகில் உட்கார்ந்தார். அந்தப் படகு பின்னாலிருந்து ஒவ்வொரு படகாகப் பிடித்து, அமெரிக்காவுக்கு அடுத்ததாக வந்தது. பிரிட்டன் பெண்கள் எட்டுப் பேர் படகுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அதுவும் வெள்ளிதான். பெய்ஜிங்கில் முன்னால் இருந்து பின்னுக்கு வந்த வெள்ளி, ரியோவில் பின்னால் இருந்து முன்னுக்கு வந்த வெள்ளி. இரண்டும் ஒரே ஆளின் பதக்கப் பெட்டியில் இருக்கின்றன.

போனவர்

இந்த நால்வருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஐந்தாவது பெயர் ரெபெக்கா ரொமேரோ. 2004 ஏதென்ஸில் நால்வர் படகில் வெள்ளி வாங்கியவர், ஃப்ளட்டும் ஹௌட்டனும் அந்தப் படகில் இருந்தார்கள். 2005-ல் கிரெயிஞ்சரோடு உலக சாம்பியன். ஏதென்ஸ் வெள்ளி அவருக்கு நிறைவு தரவில்லை, அதை அவர் மறைத்ததும் இல்லை. 2006-ல் துடுப்பை வைத்துவிட்டு சைக்கிள் ஓட்டப் போனார். இரண்டே வருடம். 2008 ஆகஸ்ட் 17 அன்று, முன்னாள் படகுத் தோழிகள் ஷுன்யியில் அழுத அதே நாளில், பெய்ஜிங் சைக்கிள் அரங்கில் தனிநபர் பர்சூட் (எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி ஒருவரை ஒருவர் துரத்தும்) போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

விட்டுப் போவதைத் தோல்வியாகப் பார்க்கும் பழக்கம் விளையாட்டு உலகில் ஆழமாக ஊறியிருக்கிறது. ரொமேரோ அந்தப் பழக்கத்துக்கு நேர் எதிர்ச் சான்று. அவர் எடுத்துப் போனது காலின் வலு, நுரையீரலின் கொள்ளளவு, வலி தாங்கும் பழக்கம். விட்டுப் போனது, தன்னால் கட்டுப்படுத்த முடியாத இன்னும் மூன்று ஜோடித் துடுப்புகளை. 2009-ல் கிரெயிஞ்சர் செய்ததும் ஒரு வகையில் இதுவே, அவர் அதைத் தண்ணீருக்குள்ளேயே செய்தார்.

வெட்கம் வேறு, வருத்தம் வேறு

ஏமாற்றத்தோடு சேர்ந்து வருகிற இன்னொன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லண்டன் 2012-ல் ஆண்கள் லைட்வெயிட் (எடை வரம்பு உள்ள) இரட்டையர் போட்டி. பிரிட்டனின் மார்க் ஹண்டரும் ஜாக் பர்சேஸும் நடப்பு ஒலிம்பிக் சாம்பியன்கள். தொடக்கத்திலேயே பர்சேஸின் இருக்கை பழுதானதால் பந்தயம் மறுபடி தொடங்கப்பட்டது. முடிவில் டென்மார்க்கிடம் 0.61 நொடியில் தோற்று வெள்ளி. கரையேறியதும் தொலைக்காட்சிப் பேட்டியில் ஹண்டர் அழுதபடி, எல்லோரையும் கைவிட்டுவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டார். பேட்டி எடுத்தவரே கலங்கிப்போனார்.

பெய்ஜிங் பெண்களிடம் வருத்தம் தெரிந்தது. ஹண்டரிடம் தெரிந்தது வெட்கம். இரண்டும் கண்ணீராகத்தான் வருகின்றன, ஆனால் கையாளும் விதம் ஒன்றல்ல. வருத்தத்துக்கு நேரம் வேண்டும், கூட உட்காரும் ஆள் வேண்டும். வெட்கத்துக்கு, 'நீ யாரையும் ஏமாற்றவில்லை' என்று அவர் மதிக்கும் ஒருவர் நேராகச் சொல்ல வேண்டும், ஒருமுறைக்குப் பலமுறை. வெட்கத்தில் இருப்பவரை 'நேரம் எடுத்துக்கொள்' என்று தனியே விட்டால் அவர் இன்னும் உள்ளே போய்விடுவார்.

கூட இருப்பவர்களுக்கு

இந்தப் பாதைகளைப் பார்த்தபின், பெரிய போட்டியில் மனம் உடைந்து வரும் வீரரோடு இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

கரையேறிய அன்று பந்தயத்தை அலசாதீர்கள். 1500 மீட்டரில் வீச்சு வேகம் என்ன என்பது ஒரு மாதம் கழித்தும் பதிவில் இருக்கும். 'வெள்ளியும் பெருமைதான்' என்று உடனே சொல்லாதீர்கள், அது உண்மையாகவே இருந்தாலும். தங்கத்துக்காக வாழ்ந்தவருக்கு அந்த நேரத்தில் அது 'உன் வலி அதிகப்படி' என்றுதான் கேட்கும். ஹௌட்டனுக்கு ரியோ வெள்ளி இனித்தது அவருடைய சொந்தக் கணக்கில், யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல.

வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான ஆபத்துக் காலம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை பயிற்சி, சாப்பாடு, தூக்கம் என்று வருடக்கணக்கில் மணி பார்த்து வாழ்ந்தவருக்குத் திடீரென்று காலையில் எழ ஒரு காரணமும் இல்லாமல் போகும். வென்றவர்களுக்கும் இது வரும், தோற்றவர்களுக்கு இரட்டிப்பாக வரும். இந்த வாரங்களில் படகுத் தோழர்கள் ஒருமுறையாவது சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும், பயிற்சியாளர் இல்லாமல். யாருக்கு அந்தப் பந்தயம் எப்படித் தெரிந்தது என்று மட்டும் பேசினால் போதும். நால்வரும் நான்கு வெவ்வேறு பந்தயங்களை ஓட்டியிருப்பார்கள்.

தொடர்வதா விடுவதா என்ற முடிவை அந்த வாரங்களில் எடுக்க வைக்காதீர்கள். தொடர்வதாக அறிவிப்பதும்கூட வேண்டாம். ஆவேசத்தில் 'அடுத்த முறை பார்' என்று சொன்னவர், ஆறு மாதம் கழித்துத் தன் வார்த்தைக்கே கைதியாகிவிடுவார். மனம் கொஞ்சம் தெளிந்த பிறகு, தொடர விரும்பினால், அதே படகில் அதே இருக்கைக்கு அனுப்பும் முன் ஒரு பருவம் வேறு படகில் ஓட்டச் சொல்லுங்கள்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை வாரக்கணக்கில் நீடித்தால் அது ஏமாற்றத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. அங்கே பயிற்சியாளரின் அன்பு போதாது, மனநல மருத்துவர் வேண்டும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2019-ல் உயர்நிலை வீரர்களின் மனநலம் பற்றி நிபுணர்களின் ஒருமித்த அறிக்கையை வெளியிட்டது. முழங்கால் காயத்துக்கு மருத்துவரிடம் போவதைப் போலவே இதற்கும் போகலாம், போக வேண்டும்.

ரியோவும் டோக்கியோவும்

லண்டனுக்குப் பிறகு இரண்டு வருடம் விலகியிருந்த கிரெயிஞ்சர் 2014-ல் திரும்பினார். புதிய ஜோடி விக்கி தார்ன்லி. படகு ஓடவில்லை. ரியோவுக்குச் சில மாதம் முன்பு இருவரும் எட்டுப் பேர் படகில் இடம் கிடைக்குமா என்று முயன்று பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஹௌட்டன் உட்கார்ந்த படகுதான் அது. மறுபடி இரட்டையருக்கே வந்தார்கள். பதக்கம் வரும் என்று நம்பியவர்கள் மிகக் குறைவு. 2016 ஆகஸ்ட் 11 அன்று இறுதிப் போட்டியில் முன்னால் போய், கடைசிப் பகுதியில் போலந்து படகு தாண்டிப்போக, வெள்ளி வாங்கினார்கள். பெய்ஜிங்கின் அதே வடிவம். முன்னிலை, கண்ணெதிரே நெருங்கிய படகு, இரண்டாமிடம். இம்முறை மேடையில் சிரிப்பு. 40 வயதில், தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் பிரிட்டன் பெண் அவர்.

அதே ரியோவில் ஒற்றையர் போட்டியில் நியூசிலாந்தின் எம்மா ட்விக் நான்காவதாக வந்தார். லண்டனிலும் அவர் நான்காவதுதான். இடையில் 2014-ல் உலக சாம்பியன். ரியோவுக்குப் பிறகு விளையாட்டை விட்டே போனார். ஓரிரு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். 2021 ஜூலையில் டோக்கியோ ஒற்றையர் இறுதிப் போட்டியில் தங்கம் வென்றார். அந்தப் பந்தயத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தவர் விக்கி தார்ன்லி. ரியோவில் யாரும் எதிர்பாராத வெள்ளியால் சிரித்தவர், ஐந்து வருடம் கழித்து ட்விக் இரண்டு முறை நின்ற இடத்தில் நின்றார். ட்விக்குக்குப் பலன் தந்தது விலகலும் திரும்பலும், கிரெயிஞ்சருக்கு ஒற்றையர் படகு, ரொமேரோவுக்கு சைக்கிள். இவற்றில் எதையும் தார்ன்லிக்கு அப்படியே எழுதிக்கொடுக்க முடியாது. அவர் எதை எதிர்பார்த்து அந்தத் தொடக்கக் கோட்டுக்கு வந்தார் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.